'ஏதாவது ஒரு வெற்று டிவிடி' என்று எழுதிவிட்டீர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், பழைய வீட்டு வீடியோக்களைப் பத்திரப்படுத்துவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. கேசட்டில் இருப்பதைக் கணினிக்குக் கொண்டுவருவது எப்படி என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்த கட்டுரையாளர், கடைசிப் பத்தியில் அவசர அவசரமாக மூட்டை கட்டிவிட்டார். "பிறகு ஏதாவது ஒரு வெற்று டிவிடியில் பதிந்து பீரோவில் வைத்துவிட்டால் கவலையில்லை" என்று முடித்திருக்கிறார். இந்த ஒரே வரியில் எனக்கு இரண்டு இடத்தில் வழக்கு இருக்கிறது. ஒன்று 'ஏதாவது ஒரு', மற்றொன்று 'கவலையில்லை'. இரண்டையும் நம்பிக் கெட்டவள் என்பதால் எழுதுகிறேன்.

நான் கணினி படித்தவள் அல்ல. ஒரு நூலகத்தில் பட்டியல் எழுதும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு புத்தகம் வந்தால் அதற்குச் சேர்க்கை எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, அப்புறம்தான் அலமாரிக்கு அனுப்புவோம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. 2005இல் முதல் டிவிடி ரைட்டர் வாங்கியதிலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஓர் எண் உண்டு. எழுதிய தேதி, உள்ளே இருப்பது என்ன, என்ன வேகம், எந்த மென்பொருள், எந்த டப்பாவிலிருந்து எடுத்த டிஸ்க் என்பதெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் இருக்கும். இன்றைக்கு 214ஆம் எண்ணில் நிற்கிறது. என் மகள் இதற்குச் சித்திரகுப்தன் நோட்டு என்று பெயர் வைத்திருக்கிறாள். வைத்துக்கொள்ளட்டும். அந்த நோட்டு இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தில் சொல்ல எனக்கு எதுவுமே இருந்திருக்காது.

2017இல் புது ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். பழைய டிவிடிகளை எல்லாம் ஒரு முறை அதில் நகலெடுத்து வைக்கலாமே என்று ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தேன். முதல் இரண்டு நாள் வேலை ஒழுங்காகப் போனது. மூன்றாம் நாள் ஒரு டிஸ்க் பாதியில் நின்றது. தூசியாக இருக்கும் என்று துடைத்துப் போட்டேன், அப்படியும் நின்றது. அடுத்ததும் அப்படியே. 2009க்கு முன்பு எழுதிய 61 டிஸ்க்குகளில் 17 முழுதாகப் படிக்க முடியாதவை என்று கடைசியில் தெரிந்தது. நோட்டைப் புரட்டினேன். அந்தப் பதினேழில் பதினான்கு, ஐம்பது அடங்கிய ஒரே டப்பாவிலிருந்து வந்தவை. எல்லாம் ஒரே பீரோவில், ஒரே இருட்டில், ஒரே மாதிரி உறையில் இருந்தவைதான். பக்கத்தில் வேறு டப்பாவிலிருந்து வந்த டிஸ்க்குகள் குண்டுமணி போல நன்றாக இருந்தன. எனக்குத் தெரிந்து நான் செய்த தவறு ஒன்றுதான். அந்தப் பதினான்கும் 'ஏதாவது ஒரு' டிவிடி.

43ஆம் எண்ணைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் என் அம்மா இருக்கிறார். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, அவருடைய சின்ன வயதுக் கதைகளைச் சொல்லச் சொல்லி எடுத்தது. மொத்தம் 1 மணி 20 நிமிடம். 1 மணி 2 நிமிடம் வரை ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு அம்மா ஏதோ சொல்ல வந்து வலது கையைத் தூக்குவார். கை பாதி உயரத்தில் இருக்கும்போதே படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். ட்ரைவ் உள்ளே உறுமும், கொஞ்ச நேரம் மூச்சை அடக்கினாற்போல் இருக்கும், மறுபடி சுற்றும், மறுபடி அதே கை. தம்பி வீட்டிலிருந்த வேறொரு பழைய ட்ரைவில் போட்டபோது இன்னும் ஒன்பது நிமிடம் கிடைத்தது. மீதி ஒன்பது நிமிடம் எங்கேயும் கிடைக்கவில்லை.

மூல கேசட் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதில் வேறு எதையோ பதிந்துவிட்டேன். டிவிடிதான் இருக்கிறதே, இனி என்ன கவலை என்று.

படம் ஏன் கடைசியில் போனது, ஆரம்பத்தில் ஏன் போகவில்லை என்று அப்போது தேடிப் படித்தேன். டிவிடியில் பதிவு உள்ளிருந்து வெளியே போகிறது. மையத்திலிருந்து 24 மில்லிமீட்டர் தள்ளித் தொடங்கி, கோலி விளையாட்டுக்கு வட்டம் போடுகிறவன் கை போல ஒரே சுருளாகச் சுற்றிச் சுற்றி 58ஆவது மில்லிமீட்டர் வரை வருகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே 0.74 மைக்ரான்தான் இடைவெளி. ஒரு தலைமுடியின் அகலத்தில் கிட்டத்தட்ட நூறு சுற்றுகள் அடங்கிவிடும். அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் வரும். அம்மா கையைத் தூக்கிய இடம் டிஸ்க்கின் விளிம்புக்குள்ளே ஏழெட்டு மில்லிமீட்டரில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாம் விரலால் பிடிக்கிற இடமும், ஈரம் உள்ளே புக வழியுள்ள இடமும், டிஸ்க் கொஞ்சம் வளைந்தால் அதிகமாக ஆடுகிற இடமும் அதுதான்.

கடையில் வாங்கும் படங்களின் டிவிடி அச்சில் வார்த்தது. அதன் குழிகள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்தவை. நாம் வீட்டில் எழுதும் டிஸ்க் வேறு ஜாதி. அதன் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே மெல்லிய சாயப்பூச்சு இருக்கிறது. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர், எழுதும்போது அந்தச் சாயத்தைச் சுட்டு அடையாளம் வைக்கிறது. டிஸ்க் எழுதுவதைப் பர்ன், அதாவது எரிப்பது, என்று சொல்வதே அதனால்தான். சாயம் என்றால் வெளுக்கும். திரைச்சீலை வெளுப்பது நமக்குக் கண்ணில் படுகிறது, டிஸ்க் வெளுப்பது படுவதில்லை. எவ்வளவு சீக்கிரம் வெளுக்கும் என்பது அந்தச் சாயத்தையும், அதை எவ்வளவு சமமாகப் பூசினார்கள் என்பதையும், இரண்டு தகடுகளை எவ்வளவு இறுக்கமாக ஒட்டினார்கள் என்பதையும் பொறுத்தது. இவை எதுவும் டப்பாவின் மேல் எழுதியிருக்காது.

டப்பாவின் மேல் இருப்பது விற்கிறவர் பெயர். செய்தவர் பெயர் டிஸ்க்குக்கு உள்ளே, கணினி மட்டும் படிக்கிற மாதிரி குறியீடாகப் பதிந்திருக்கும். வெற்று டிஸ்க்கை ட்ரைவில் போட்டு இம்க்பர்ன் என்ற மென்பொருளைத் திறந்தால் வலப்பக்கக் கட்டத்தில் டிஸ்க்கின் அடையாளம் என்று ஒரு வரி வரும். எம்சிசி 004 என்று வந்தால் மிட்சுபிஷி கெமிக்கலின் தயாரிப்பு. டிஒய்ஜி 03 என்று வந்தால் ஜப்பானின் தாயோ யூடன். ரைடெக், சிஎம்சி மேக் என்றெல்லாம் தைவான் தயாரிப்பாளர்களின் குறியீடுகளும் உண்டு. எனக்கு இது 2009இல்தான் தெரிந்தது. அப்போது என்னிடம் ஒரே நிறுவனத்தின் பெயரில், ஒரே நிற உறையில், ஆறு மாத இடைவெளியில் வாங்கிய இரண்டு டப்பாக்கள் இருந்தன. இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துப் போட்டுப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு குறியீடு. சட்டை ஒன்று, ஆள் வேறு. அன்றிலிருந்து நோட்டில் குறியீட்டுக்கும் ஒரு பத்தி போட்டேன். இப்போதெல்லாம் ஒரே ஒரு டிஸ்க் வாங்கி, குறியீட்டைப் பார்த்து, எழுதிப் பரிசோதித்துவிட்டு, திருப்தியானால்தான் பெரிய டப்பா.

நல்ல பெயர் எடுத்தவர்களும் இப்போது களத்தில் இல்லை. தாயோ யூடன் 2015ஓடு டிஸ்க் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. மிட்சுபிஷி கெமிக்கல், தான் டிஸ்க் விற்று வந்த வெர்பேட்டிம் என்ற பெயரைச் சிஎம்சி மேக்னடிக்ஸ் நிறுவனத்துக்கு 2019இல் விற்க ஒப்பந்தம் போட்டுவிட்டது. சோனி, எழுதக்கூடிய ப்ளூரே டிஸ்க் தயாரிப்பை 2025 பிப்ரவரியில் முடித்துக்கொண்டது. ஆகவே பழைய பேச்சை நம்பி 'அந்த கம்பெனியா, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு' என்று யாராவது சொன்னால், கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள்.

வெற்று டிஸ்க்கில் டிவிடி-ஆர், டிவிடி+ஆர் என்று இரண்டு வகை உண்டு. ப்ளஸ்ஸா மைனஸா என்பது அடுத்த குழப்பம். டிவிடி-ஆர் 1997இல் பயோனியர் கொண்டுவந்தது. டிவிடி+ஆர் 2002இல் சோனி, பிலிப்ஸ் முதலானவர்கள் சேர்ந்த வேறொரு கூட்டணி கொண்டுவந்தது. முதலாவதில் இருப்பது மைனஸ் குறியே இல்லை, வெறும் இணைப்புக் கோடு. இரண்டாவது கூட்டணி ப்ளஸ் போட்ட பிறகு பாவம் அது மைனஸ் ஆகிவிட்டது. இன்றைய ட்ரைவ்கள் இரண்டையும் எழுதும். டிவியோடு இணைக்கிற பழைய ப்ளேயரில் போட்டுப் பார்க்கப் போகிறவர்கள் மட்டும் மைனஸை வாங்கினால் பிரச்சினை குறைவு. சில ரைட்டர்கள் ப்ளஸ் டிஸ்க்கில் எழுதும்போது, 'நான் அச்சில் வார்த்த டிவிடி' என்று ப்ளேயரிடம் பொய் சொல்கிற மாதிரி அடையாளத்தை மாற்றி எழுதும். அந்தப் பொய்யால் நம்மில் எத்தனையோ பேருடைய பழைய ப்ளேயர்கள் ப்ளஸ் டிஸ்க்கை ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

இரட்டை அடுக்கு டிஸ்க்கை நான் தொடுவதில்லை. 8.5 ஜிபி பிடிக்கும், உண்மைதான். ஆனால் ஒன்று கெட்டால் இரட்டை நஷ்டம். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ, பரிசோதனைக்கு அருமை, பாதுகாப்புக்கு வேண்டாம்.

இன்னொரு பழைய புகார்: 'டப்பாவில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கிறான், கணினி 4.38 என்கிறது, ஏமாற்றிவிட்டான்.' யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் செய்கிறவர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் அதை 107 கோடியே சொச்சம் பைட் என்று எண்ணுகிறது. படி ஒன்றுதான், அளக்கிற மரக்கால் வேறு. கணினி 4.5 ஜிபி என்று காட்டும் கோப்பு 4.7 ஜிபி டிஸ்க்கில் அடங்காது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். நான் 4 ஜிபியைத் தாண்டுவதில்லை. ஓரத்தில் கொஞ்சம் வெறுமையாக விட்டுவிடுவேன். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

இனி மென்பொருள். இங்கேதான் நான் பார்த்த பாதிப் பேர் வழுக்கி விழுகிறார்கள், டிஸ்க்கைக் குறை சொல்கிறார்கள்.

என் தம்பி ஒரு நாள் போன் செய்தான். "அக்கா, நீ சொன்ன டிஸ்க்கேதான் வாங்கினேன். கணினியில் நன்றாக ஓடுகிறது, டிவி ப்ளேயரில் போட்டால் தெரியாத டிஸ்க் என்கிறது. டிஸ்க் போலி போலிருக்கிறது." எப்படி எழுதினாய் என்று கேட்டேன். விண்டோஸ் டிஸ்க்கைப் பார்த்ததும் ஒரு பெட்டி திறந்து, பென்ட்ரைவ் மாதிரி வேண்டுமா, சிடி-டிவிடி ப்ளேயரில் ஓட வேண்டுமா என்று கேட்டிருக்கிறது. இவன் பென்ட்ரைவ் மாதிரி என்பதைத் தேர்ந்தெடுத்து, போனில் எடுத்த எம்பி4 கோப்பை இழுத்துப் போட்டிருக்கிறான். அதில் இரண்டு தப்பு. பென்ட்ரைவ் மாதிரி எழுதினால், எப்போது வேண்டுமானாலும் இன்னும் சேர்க்கலாம் என்று டிஸ்க் திறந்தே கிடக்கும். வீட்டு ப்ளேயருக்கு அது புரியாது. சரி, இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தால்? அப்போதும் அது கோப்பு போட்டு வைத்த டிஸ்க்தானே தவிர, வீடியோ டிவிடி அல்ல. எம்பி4 படிக்கத் தெரிந்த ப்ளேயராக இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் இல்லை.

வீடியோ டிவிடி என்பது ஒரு கட்டுமானம். உள்ளே வீடியோ டிஎஸ் என்ற ஒரு ஃபோல்டர் இருக்க வேண்டும். அதில் படம் விஓபி கோப்புகளாக, ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேற்படாமல் வெட்டப்பட்டிருக்கும். எந்தப் படம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ஐஎஃப்ஓ கோப்புகளும் அவற்றின் நகல்களும் கூட இருக்கும். படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) முறையில் 720க்கு 576 புள்ளிகள், அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி முறையில் 720க்கு 480. இவற்றைச் செய்வது பர்ன் செய்யும் மென்பொருள் அல்ல, அதற்கு முந்தைய கட்டத்தில் வருகிற வேறொன்று. விண்டோஸ் 7 வரை டிவிடி மேக்கர் என்று ஒன்று கூடவே வந்தது. விண்டோஸ் 8இல் எடுத்துவிட்டார்கள். இப்போது நான் பயன்படுத்துவது டிவிடி ஸ்டைலர். இலவசம், திறந்த மூலம். வீடியோக்களை வரிசையாகப் போட்டு, முகப்புப் பக்கத்துக்கு ஒரு படம் வைத்து, 'உருவாக்கு' என்றால் பொறுமையாக அரைத்துத் தரும். இரண்டு மணி நேரப் படத்தை ஒரு டிஸ்க்கில் அடக்கினால், விநாடிக்குச் சுமார் 5 மெகாபிட்தான் கிடைக்கும், பார்க்கலாம். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் ஆட்கள் நகரும்போதெல்லாம் முகம் கரைந்து போகும். திணிக்காதீர்கள், இன்னொரு டிஸ்க் எடுங்கள்.

போனில் எடுத்த வீடியோ பெரும்பாலும் 1920க்கு 1080 புள்ளிகள் கொண்டது. அதை வீடியோ டிவிடி ஆக்கும்போது ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. திரும்ப அதைப் பெரிதாக்க முடியாது. ஆகவே நான் எதையும் இரண்டு விதமாக எழுதுகிறேன். போட்டுப் பார்க்க ஒரு வீடியோ டிவிடி, மூலக் கோப்பை அப்படியே வைத்த டேட்டா டிஸ்க் ஒன்று. முதலாவது தேயலாம், தொலையலாம், பேரன் தட்டாகச் சுழற்றி விளையாடலாம். இரண்டாவது உறையை விட்டு வெளியே வருவது வருடத்துக்கு ஒரு தரம்தான்.

எழுதும் வேலைக்கு நீரோ பர்னிங் ரோம் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. ரோம் எரிந்தபோது பிடில் வாசித்ததாகச் சொல்லப்படும் மன்னனின் பெயரை வைத்த குறும்பு எனக்கு இன்றும் பிடிக்கும். வெறுமே டிஸ்க் எழுத அது வேண்டியதில்லை. விண்டோஸில் இம்க்பர்ன், லினக்ஸில் கே3பி அல்லது பிரசேரோ போதும். இம்க்பர்னின் கடைசிப் பதிப்பு 2013இல் வந்தது. பழசு என்று ஒதுக்காதீர்கள், அது செய்கிற வேலையும் பழசுதான். இலவச மென்பொருள் எதுவானாலும் அதைச் செய்தவர்களின் தளத்திலிருந்து இறக்குங்கள். நிறுவும்போது 'அடுத்து, அடுத்து' என்று தட்டிக்கொண்டே போகாமல் ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள். கேட்காத விருந்தாளிகள் அந்தப் பக்கங்களில்தான் உள்ளே வருவார்கள்.

நான் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது பார்ப்பது ஒரே ஒரு சதுரத்தைத்தான். எழுதியதைச் சரிபார் என்று ஒரு சதுரம் இருக்கும், அதில் டிக் போட முடிகிறதா என்று. அந்த டிக் இருந்தால், எழுதி முடித்த டிஸ்க்கை மென்பொருள் முதலிலிருந்து மறுபடி படித்து, கணினியில் உள்ள மூலத்தோடு பைட் பைட்டாக ஒப்பிடும். நேரம் இரட்டிப்பாகும். அதனால்தான் பலர் அதை எடுத்துவிடுகிறார்கள். '100 சதவீதம், வெற்றி' என்று திரையில் வருவது, எழுதி முடித்தேன் என்று லேசர் சொல்வது. படிக்க முடிகிறது என்று அது சொல்லவில்லை. அச்சுக் கோத்தவரே மெய்ப்பும் திருத்திவிட்டதாகச் சொன்னால் உங்கள் அலுவலகத்தில் ஒப்புக்கொள்வீர்களா? நான் சரிபார்த்த டிஸ்க்கைக்கூட இன்னொரு ட்ரைவில் போட்டு முழுதாக ஒரு முறை நகலெடுத்துப் பார்ப்பேன். எழுதிய ட்ரைவ் தன் கையெழுத்தைத் தானே எளிதாகப் படித்துவிடும். பிறர் படிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

வேகம் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. 'எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது' என்பது ஒரு கட்சி. சிடி காலத்து நம்பிக்கை. இன்றைய 16எக்ஸ் டிஸ்க்கின், அதாவது அடிப்படை வேகத்தைப் போல 16 மடங்கு வரை எழுதக்கூடிய டிஸ்க்கின் சாயம் வேகமாக எழுதுவதற்கென்றே செய்தது. அதை மிக மெதுவாகச் சுட்டால் சில நேரம் எழுத்து தடித்துப் போகும். பல ட்ரைவ்கள் அவ்வளவு மெதுவாக எழுத ஒப்புக்கொள்வதும் இல்லை. 'உச்ச வேகம்' என்பது இன்னொரு கட்சி. 1எக்ஸ் என்பது விநாடிக்கு 1.385 எம்பி. அந்தக் கணக்கில் முழு டிஸ்க்குக்கு 57 நிமிடம் ஆகும். 16எக்ஸில் ஐந்தாறு நிமிடம், 8எக்ஸில் எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. 16எக்ஸ் வேகத்தை ட்ரைவ் எட்டுவது ஓரத்துக்குப் போகும்போதுதான், அதாவது டிஸ்க்கின் பலவீனமான இடத்தில். மூன்று நிமிடத்தை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறோம்? 16எக்ஸ் டிஸ்க்கை நான் 8எக்ஸில் எழுதுகிறேன். 2009க்குப் பிறகு எழுதியவற்றில் இதுவரை படிக்காமல் போனவை இரண்டு.

அந்த இரண்டில் ஒன்றுக்கு வேகம் காரணமல்ல. யுஎஸ்பி ட்ரைவை மடிக்கணினியில் நேராகச் செருகாமல், நாலு பேர் பங்கு போடும் ஹப்பில் செருகியிருந்தேன். பாதியில் மின்சாரம் பற்றாமல் தள்ளாடிவிட்டது. சரிபார்ப்பில் உடனே பிடிபட்டதால் நஷ்டம் ஒரு வெற்று டிஸ்க்கோடு போயிற்று.

எழுதிய பிறகு மேலே பெயர் எழுத வேண்டுமே. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள். வழுவழுப்பான காகிதச் சீட்டு ஒட்டுகிறவர்கள் பலர், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் சீட்டு ஒரு மயிரிழை ஓரமாக உட்கார்ந்தாலும் டிஸ்க் சுற்றும்போது தலையாட்டும். கோடையில் பசை சுருங்கித் தகட்டை வளைக்கும். நீர் அடிப்படையிலான மை கொண்ட மென்முனைப் பேனாவால், நடு வளையத்துக்குப் பக்கத்தில் சேர்க்கை எண்ணை மட்டும் எழுதுகிறேன். விவரமெல்லாம் நோட்டில். துடைக்க வேண்டி வந்தால் மையத்திலிருந்து வெளியே நேர்கோட்டில் துடைக்க வேண்டும். சுற்றிச் சுற்றித் துடைத்தால் கீறல் சுருளின் வழியே போய் ஒரே இடத்தில் நிறையத் தின்றுவிடும். உறையிலிருந்து எடுக்கும்போது நடுப் பொத்தானை அழுத்தி எடுக்க வேண்டும். ஓரத்தைப் பிடித்து வில் மாதிரி வளைத்துப் பிடுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். வைப்பது புத்தகம் போல நிற்கவைத்து, வெயில் படாத இடத்தில்.

'கவலையில்லை' என்ற சொல்லுக்கு இப்போது வருகிறேன். டிஸ்க் ஒரே நாளில் சாவதில்லை. அதற்கு முன்னால் கணினியிடம் முனகும். டிவிடியில் பிழை திருத்தும் கணக்கு உள்ளேயே பின்னப்பட்டிருக்கிறது. அங்கங்கே சில பைட்டுகள் போனாலும் ட்ரைவ் தானே நிரப்பிக்கொள்ளும், நமக்குத் தெரியவே தெரியாது. நிரப்ப முடியாத அளவுக்குப் பிழை பெருகிய அன்றுதான் அம்மாவின் கை பாதியில் நிற்கும். ஆகவே வருடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்துப் பார்க்கிறேன். முன்பு ஏழு நிமிடத்தில் நகலான டிஸ்க் இந்த முறை பதினைந்து நிமிடம் எடுத்தால், கடைசிப் பகுதியில் ட்ரைவின் சத்தம் ஏறி இறங்கினால், அன்றே புது டிஸ்க்கில் எழுதிவிடுகிறேன். இந்த நிமிடக் கணக்கும் நோட்டில் ஏறும். டிவிடிசாஸ்டர் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க் நன்றாக இருக்கும்போதே அதற்கு ஒரு பிழை திருத்தும் கோப்பு உண்டாக்கித் தரும். அதை வேறு இடத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் கொஞ்சம் கெட்டாலும் மீட்கலாம். கெட்ட பிறகு அதைத் தேடுவதில் பயனில்லை. நான் அப்படித்தான் தேடினேன்.

எம்-டிஸ்க் என்று ஒன்று உண்டு. சாயத்துக்குப் பதிலாகக் கல் போன்ற ஒரு பூச்சு, ஆயிரம் ஆண்டு நிற்கும் என்று அதைச் செய்தவர்கள் சொன்னார்கள். அதை எழுத அதற்கென்று அடையாளம் போட்ட ட்ரைவ் வேண்டும். என்னிடம் நான்கு இருக்கின்றன. ஆயிரம் ஆண்டைப் பரிசோதிக்க எனக்கு வசதியில்லை. பிந்தி ஒரு நாள் அதைப் படிக்க ட்ரைவ் இருக்குமா என்பதே என் சந்தேகம்.

"இவ்வளவு பாடுபடுவதற்கு எல்லாவற்றையும் க்ளவுடில் போட்டுவிட்டால் போதாதா அம்மா?" என்று மகள் கேட்கிறாள். அங்கேயும் போடுகிறேன், ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கிறது. ஆனால் க்ளவுடில் கடவுச்சொல் மறந்தால் போயிற்று, கணக்கை மூடினால் போயிற்று. ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்தால் ஆயிரம் படமும் ஒன்றாக விழும். ஒரு முறை எழுதி மூடிய டிஸ்க்கில் நானே நினைத்தாலும் எதையும் தவறுதலாக அழிக்க முடியாது. கேசட்டில் செய்ததை இதில் செய்ய முடியாது. எனக்கு அந்த ஒரு குணம் போதும்.

கட்டுரையாளரை நான் குறை சொல்லவில்லை. கடைசிப் பத்தியில் இடம் போதாமல் போயிருக்கும். ஆனால் அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு இந்த வாரம் கேசட்டுகளை மாற்றப் போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு சிறு திருத்தம் போட வேண்டுகிறேன்: எழுதியதைச் சரிபார்க்கும் சதுரத்தில் டிக் போடவும், குறைந்தது ஓராண்டுக்கு மூல கேசட்டில் வேறு எதையும் பதிய வேண்டாம். அவ்வளவு இடம்தான் கேட்கிறேன். இந்தக் கடிதம் நீளம் என்றால் ப்ளஸ், மைனஸ் கதையை வெட்டிவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி

பி.கு.: கட்டுரையோடு வந்த படத்தில் இருப்பவர் டிஸ்க்கைச் சிரித்துக்கொண்டே காட்டுகிறார். அவருடைய கட்டைவிரல் மினுக்கும் பக்கத்தில், சரியாக வெளி ஓரத்தில் அழுந்தியிருக்கிறது. அடுத்த முறை படம் எடுக்கும்போது விளிம்பையும் நடுத் துளையையும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.